ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும்

திங்கட்கிழமை தவறியது.
புதன்கிழமை தேறியது.
இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.
"ஒண்டும் செய்யேல்லை மிஸ்.
நேத்து முழுக்க மழை. சாக்கால மூடி வச்சன்."

டெரன்ஸ் பல்தசார், பாலையூற்று.
ஐஸ் பக்டரியில் பிற்றர்.
வண்டி ஐம்பத்தைந்தாம் ஆண்டு பி.எஸ்.ஏ.
தாங்கியில் பச்சை, பச்சை உரிந்த இடத்தில் கறுப்பு,
கறுப்பு உரிந்த இடத்தில்
பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம்.
எஞ்சின் இலக்கத்தைத் தேடி
முழங்காலில் நின்று துணியால் துடைத்தேன்.
கடைசி எழுத்து ஆறா எட்டா தெரியவில்லை.
புத்தகத்தில் எட்டு.
எட்டு என்றே எழுதினேன்.

எங்கள் கருவி
சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டு
நாற்பது விநாடி மோந்து பார்க்கும்.
பிறகு ஓர் எண் சொல்லும்.
அந்த எண்ணை நம்பித்தான் இந்தத் தகரக் கூரை,
இந்த மேசை, என் சம்பளம்.
திங்கள் ஒன்பது. புதன் ஐந்து.
பிளக்கைத் தொடவில்லையாம்.
கார்பரேற்றர் திருகாணியும் அசையவில்லை:
அதன் தலையில் அவர் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தார்,
மனைவியின் சிவப்பு.
கோடு கோட்டோடு நேராகத்தான் நின்றது.

அப்படியென்றால் எந்த நாள் பொய் சொன்னது?

கொழும்பிலிருந்து வருடத்துக்கு இருமுறை ஒரு பொடியன் வருவான்.
கருவியைத் திறப்பான், ஊதுவான், மூடுவான்,
சரி என்று ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் பஸ் பிடிப்பான்.
அவனை யார் சோதிக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.
இந்த ஊர்க் கடற்காற்று பூட்டைத் தின்கிறது,
கடதாசியில் குத்திய ஊசியைத் தின்கிறது.
கருவியை மட்டும் பாவம் பார்த்து விடுமா?

சாப்பாட்டு நேரம்.
சோற்றுப்பெட்டியைத் திறக்காமலே எழும்பி
"ஒருக்கா என்னை ஏத்திக்கொண்டு ஓடுங்கோ" என்றேன்.
திங்கட்கிழமை கூட
அவர் முகம் அப்படி வெளிறவில்லை.

பின்னிருக்கை கிடையாது.
காரியரின்மேல் நாலாய் மடித்த அதே சாக்கு, இன்னும் ஈரம்.
மூன்றாவது உதையில் உயிர் வந்தது.
உவர்மலைச் சரிவில் இறங்கினோம்.
என் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சண்டை பிடித்தன.
துறைமுகம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து எழும்பி வந்தது.
வளைவு திரும்ப, நடுத் தெருவில்
ஒரு மான்.
தன் வீட்டு முற்றம்போல நின்று
பிஸ்கற் பெட்டி மட்டை ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

அவர் முன்பிறேக்கைத் தொடவே இல்லை.
கியரை ஒன்று இறக்கினார். இன்னும் ஒன்று.
வண்டி இருமி, முனகி,
மானுக்கு இரண்டு முழம் இப்பால் நின்றது.
மான் மட்டையை விடவில்லை.

"முன்பிறேக் பிடிக்காதோ?"
"பிடிக்கும் மிஸ்.
பிடிச்சால் விடாது."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
பிறேக் என் வேலையும் இல்லை; என் வேலை புகை.
ஒரு மனிசன் தன் வண்டியின் குற்றத்தை
எத்தனை ஆழமாய் அறிந்து வைத்திருக்கிறான் என்று அளக்க
எந்தக் குழாயை எங்கே விடுவது?
பிறேக்கைத் திருத்தினால்தான் கடதாசி என்று சொல்ல
எனக்கு அதிகாரம் இல்லை.
சொன்னேன்.

மறுநாள் நாலு மணிக்கு வந்தார்,
முழங்கை வரை கரி.
"இப்ப விடும்," என்றார்.
நான் ஏறிப் பார்க்கவில்லை.

அச்சு இயந்திரம் கரகரத்து
அடுத்த வருடத்துத் திகதியை அடித்தது.
முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கு நான் பொறுப்பாம்.
எனக்குத் தெரிந்தது நாற்பது விநாடி,
ஒரு சரிவு,
பாதையை விடாத ஒரு மான்.

கையெழுத்தை வைத்தேன்,
வழமையைவிடக் கொஞ்சம் சின்னதாக.
வெளியே அடுத்த ஓட்டோக்காரன்
ஹோன் அடிக்கத் தொடங்கியிருந்தான்.